எஃபெந்தி என்னும் பட்டம்

பெரியோரை மதித்து அழைத்தற்குரிய சொற்கள் உலக மொழிகள் அனைத்திலும் உள்ளன. அச்சொற்கள் பிறக்கும்போது ஒரு பொருளில் பிறக்கின்றன. நாடு நாடாகவும் நூற்றாண்டு நூற்றாண்டாகவும் வழங்கி வருங்கால் பொருளில் வேறுபடுகின்றன. சில சொற்கள் தாழ்ந்த நிலையினின்று உயர்கின்றன. சில உயர்ந்த நிலையினின்று தாழ்கின்றன. மொழிநூலார் முன்னதை உயர்பொருட்பேறு என்றும் பின்னதை இழிபொருட்பேறு என்றும் கூறுவர். பண்டு நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்னும் தமிழ்ச்சொல் இன்று தீயமணத்தை மட்டுமே குறிப்பது இழிபொருட்பேற்றுக்கு நாம் அறிந்த சான்றாகும். ஒரே சொல் உயர்தலும் தாழ்தலும் ஆகிய இரண்டையும் அடைந்து, ஒரே காலத்தில் அரசன் மகனுக்கும் வாயில் காப்போனுக்கும் பெயராகி நின்றதும் உண்டு. துருக்கி நாட்டில் வழங்கிய ‘எஃபெந்தி’ என்னும் பட்டம் அத்தகையது.

துருக்கியில் இன்றும் தொலைபேசி மணி ஒலித்தால் அதனை எடுப்பவர் பலர் முதலிற் கூறும் சொல் ‘எஃபெந்திம்’ என்பதாகும். தந்தை அழைத்தால் மகன் ‘எஃபெந்திம்’ என்று குரல் கொடுப்பான். மகன் அழைத்தால் தந்தையும் அங்ஙனமே கூறுவார். ஒருவர் சொன்னது காதில் விழவில்லையாயின், ‘எஃபெந்திம்?’ என்று மற்றவர் வினவுவார். ‘எஃபெந்தி’ என்பது தலைவன். இறுதியில் உள்ள ‘ம்’ என்பது ‘என்’ என்னும் பொருள் தரும் விகுதி. ஆகவே ‘எஃபெந்திம்’ என்பதன் நேர்ப்பொருள் ‘என் தலைவரே’ என்பது. அழைத்தவர் யார் என்று அறியுமுன்னரே அவரைத் தலைவராக ஏற்றுப் பேசும் இவ்வழக்கம் வியப்புக்குரியது. அதனினும் வியப்புக்குரியது யாதெனின், இப்பட்டம் 1934ஆம் ஆண்டில் துருக்கியச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதே. சட்டம் நீக்கிய சொல் மக்கள் நாவில் எங்ஙனம் நிலைத்தது? இதற்கு விடை காண அச்சொல்லின் வரலாற்றை அடிமுதல் ஆராய்தல் வேண்டும்.

சொல்லின் பிறப்பு

எஃபெந்தி என்பது துருக்கியரின் பட்டமேயாயினும் துருக்கியச் சொல் அன்று. அது கிரேக்க மொழியிற் பிறந்தது. பழங்கிரேக்கத்தில் ‘அவ்தெந்தேஸ்’ என்றொரு சொல் இருந்தது. ‘அவ்தொஸ்’ என்பது ‘தான்’ என்னும் பொருளது. அதனோடு ‘செய்து முடிப்பவன்’ என்னும் பொருளுடைய பகுதி சேர்ந்து அச்சொல் ஆயிற்று. எனவே, தன் கையாலேயே ஒரு செயலைச் செய்து முடித்தவன் என்பது அதன் பொருள்.

தன் கையாற் செய்த அச்செயல் யாது? ஏதென்ஸ் நகரத்துத் துன்பியல் நாடகப் புலவர்களும், வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரோடோட்டசும் இச்சொல்லைக் கொலைஞன் என்னும் பொருளில் ஆண்டுள்ளனர். பிறரை ஏவாமல் தானே கொலை செய்தவன் என்பது கருத்து. பின்னாளில் மரியாதைப் பட்டமாய் விளங்கப்போகும் சொல், தொடக்கத்தில் குருதி தோய்ந்த கையைக் குறித்தது.

காலம் செல்லச் செல்ல, ‘தானே செய்பவன்’ என்னும் அடிப்படைக் கருத்து மேலோங்கிற்று. கொலை என்னும் கருத்து மறைந்தது. பிறர் ஏவலுக்குக் காத்திராமல் தானே செயல் முடிக்க வல்லவன் யாவன்? அவன் அதிகாரம் உடையவன், தலைவன். இங்ஙனம் அச்சொல் ‘தலைவன், ஆண்டகை’ என்னும் பொருளைப் பெற்றது. தானே எழுதிய மூல ஓலை, ஐயத்திற்கிடமற்ற உண்மைப் பத்திரம் என்பவற்றைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘அதெண்டிக்’ என்னும் சொல்லும் இவ்வேரினின்றே கிளைத்தது. ஒரு வேர் இரு கிளையாகி, ஒன்று மேற்கே சென்று உண்மையைக் குறித்தது. மற்றொன்று கிழக்கே நின்று தலைமையைக் குறித்தது.

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் மக்கள் தம் மன்னரையும் பெருநிலக் கிழாரையும் இச்சொல்லால் அழைத்தனர். பேச்சு வழக்கில் அவ்தெந்தேஸ் என்பது ‘அஃப்தெந்திஸ்’ என்றும், பின்னர் ‘அஃபெந்திஸ்’ என்றும் திரிந்தது. ஒருவரை முன்னிலைப்படுத்தி விளிக்கும்போது அது ‘அஃபெந்தி’ எனச் சுருங்கி ஒலித்தது. அனதோலியாவிற் குடியேறிய துருக்கியர், அங்கு வாழ்ந்த கிரேக்கர் தம் தலைவரை அழைக்கும் ஒலியைச் செவியாற் கேட்டு, அதனைத் தம் நாவுக்கேற்ப ‘எஃபெந்தி’ ஆக்கிக்கொண்டனர். ஏட்டைப் படித்துக் கொண்ட சொல் அன்று அது. அண்டை வீட்டாரின் வாயினின்று கொண்ட சொல்.

1453ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினார். சின்னாட்களில், அந்நகரின் எதிர்க்கரையான கலாத்தாவில் வாழ்ந்த ஜெனோவா நாட்டு வணிகர்க்கு அவர் உறுதிப் பத்திரம் ஒன்று வழங்கினார். அவர்தம் உயிரும் பொருளும் காக்கப்படும் என்பது அதன் கருத்து. அப்பத்திரம் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் சுல்தான் தம்மைப் ‘பேரவ்தெந்தேஸ்’ என்னும் பொருள்படக் கூறிக்கொள்கின்றார். வீழ்ந்த பேரரசின் மக்கள் தம் மன்னர்க்கு வழங்கிய பட்டத்தை வென்றவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். வாளால் நகரம் கைமாறிய அவ்வாண்டில் சொல்லும் கைமாறிற்று எனலாம்.

கற்றோர் பெற்ற சிறப்பு

உதுமானியப் பேரரசில் மரியாதைப் பட்டங்கள் பலவாக இருந்தன. அவற்றுள் பாஷா, பே, ஆகா, செலெபி, எஃபெந்தி என்பன பெருவழக்கின. பாஷா என்பது படைத்தலைவர்க்கும் மாகாண ஆளுநர்க்கும் உரியது. பே என்பது முற்காலத்தில் குறுநிலத் தலைவர்க்கும் பின்னர் உயர்குடியினர்க்கும் உரியதாயிற்று. ஆகா என்பது படைப்பிரிவுகளின் தலைவர்க்கும் அரண்மனை அலுவலர் சிலர்க்கும் ஊர்ப்புறப் பெருநிலக்காரர்க்கும் வழங்கிற்று. இவையெல்லாம் பெயருக்கு முன் வாராமல் பின்னே வருவன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ‘அஹமத் பாஷா’, ‘அஹமத் பே’, ‘அஹமத் எஃபெந்தி’ என்றே கூறுவர்.

செலெபி என்பது நற்குடிப் பிறப்பும் கல்வியும் பண்பாடும் உடையாரைக் குறித்த பழைய பட்டம். 1413 முதல் 1421 வரை ஆண்ட முதலாம் மெஹ்மத் ‘செலெபி மெஹ்மத்’ என்றே அழைக்கப்பட்டார். 17ஆம் நூற்றாண்டில் தம் நெடும்பயணங்களைப் பத்துத் தொகுதிகளாக எழுதிய எவ்லியா செலெபியும், நூற்பெயர்கள் பல்லாயிரத்தைத் தொகுத்த காதிப் செலெபியும் அப்பட்டத்தைத் தாங்கியவர்களே. எனினும் செலெபி இருந்த இடத்தை எஃபெந்தி சிறிது சிறிதாகக் கைக்கொண்டது. இம்மாற்றத்தை ஒரே மனிதரின் பெயரிற் காணலாம். 1720ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக்குத் தூது சென்று, தாம் கண்டவற்றை எழுதிவைத்த அறிஞரை ‘யிர்மிசெகிஸ் செலெபி மெஹ்மத் எஃபெந்தி’ என்று வரலாறு கூறும். யிர்மிசெகிஸ் என்பது 28 என்னும் எண். அவர் முன்பு பணியாற்றிய படைப்பிரிவின் எண் அது. பழைய பட்டமும் புதிய பட்டமும் அவர் பெயரில் அருகருகே நிற்கின்றன.

வாள் ஏந்தியோர்க்கு ஆகாவும் பேயும் பாஷாவும் உரியனவாக, எழுதுகோல் ஏந்தியோர்க்கு எஃபெந்தி உரியதாயிற்று. சமயநூல் கற்றோர், நீதி வழங்குவோர், ஆசிரியர், அரசாங்க எழுத்தர் ஆகியோர் எஃபெந்தி எனப்பட்டனர். பேரரசின் சமயத் தலைமையாகிய ஷைகுல் இஸ்லாம் பதவியை 1545 முதல் 1574 வரை வகித்த எபுஸ்ஸுவூத், ‘எபுஸ்ஸுவூத் எஃபெந்தி’ என்றே புகழ் பெற்றார். மாமன்னர் சுலைமானும் அவர் கருத்தை நாடிக் கேட்டார். தலைநகரத்துக் காஜியார் ‘இஸ்தான்புல் எஃபெந்தி’ எனப்பட்டார். அரசாங்க எழுத்தர்களின் தலைவர் ‘ரெயிஸ் எஃபெந்தி’ எனப்பட்டார். அயல்நாட்டுத் தூதர்கள் காண விழைந்த பெரியவர் இவரே. 1836ஆம் ஆண்டில் இப்பதவியே வெளிநாட்டு அமைச்சர் பதவியாக மாறிற்று.

இப்பட்டத்தின் சிறப்பு ஒன்று உண்டு. இது பெரும்பாலும் பிறப்பால் வருவதன்று. கல்வியாலும் திறத்தாலும் வருவது. துருக்கிய இசையுலகில் ஒப்பற்றவராகப் போற்றப்படும் தெதே எஃபெந்தி (1778–1846) ஒரு குளிப்பகம் நடத்தியவரின் மகன். இயற்பெயர் இஸ்மாயில். தந்தையின் தொழிலால் ‘குளிப்பகத்தார் மகன்’ என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் அவருடைய இசைப்புலமை அவரைச் சுல்தானின் அவையிற் கொண்டு சேர்த்தது. தந்தையின் தொழிலைக் கூறும் அடைமொழி பெயரின் முன்னும், தம் புலமை தந்த எஃபெந்தி பட்டம் பெயரின் பின்னும் இன்றுவரை நிற்கின்றன.

சமய வேற்றுமையும் இப்பட்டத்திற்குத் தடையாகவில்லை. கிறித்தவத் தலைமைக் குருவும் யூதத் தலைமைக் குருவும் எஃபெந்தி என்று அழைக்கப்பட்டனர். மகளிர்க்கும் இது உரித்தாயிற்று. சுல்தானின் துணைவியர் ‘கதின் எஃபெந்தி’ எனவும், மதிப்புக்குரிய பெண்மணியர் ‘ஹனிம் எஃபெந்தி’ எனவும் பெற்றனர். எல்லாவற்றினும் மேலாக, துருக்கிய இஸ்லாமியர் நபிகள் நாயகத்தைக் குறிக்குங்கால் ‘எஃபெந்திமிஸ்’ என்பர். ‘நம் தலைவர்’ என்பது அதன் பொருள். தமிழ் பேசும் இஸ்லாமியர் ‘நாயகம்’ என்னும் சொல்லை எவ்வுணர்வோடு கூறுகின்றனரோ, அவ்வுணர்வோடு துருக்கியர் இச்சொல்லைக் கூறுகின்றனர். நாயகம் என்பதற்கும் தலைமை என்பதே பொருளாதல் காண்க.

சொல்லின் மறுபக்கம்

ஒரு சொல்லின் பெருமையை மட்டும் கூறி அமைதல் முழுவரலாறு ஆகாது. எஃபெந்தி என்னும் சொல் அடிமையின் வாயிலும் ஒலித்தது. உதுமானியப் பேரரசில் அடிமை வாணிகம் பல நூற்றாண்டுகள் நடைபெற்றது. காக்கேசிய மலைநாட்டினின்றும் ஆப்பிரிக்காவினின்றும் கொணரப்பட்ட ஆடவரும் மகளிரும் விற்கப்பட்டனர். விலை கொடுத்து வாங்கியவன் அவர்க்கு எஃபெந்தி ஆனான். மாணாக்கன் தன் ஆசிரியரை நோக்கி எஃபெந்தி என்றபோது அதில் அன்பு இருந்தது. அடிமை தன்னை வாங்கியவனை நோக்கி எஃபெந்தி என்றபோது அதில் அச்சம் இருந்தது. எழுத்து ஒன்றே, ஒலி ஒன்றே, சொல்லுவோர் நிலையால் பொருள் வேறாயிற்று. இன்றும் துருக்கிய மொழியில் அடிமை என்பதற்கு எதிர்ச்சொல்லாக எஃபெந்தி நிற்கின்றது.

ஏணியின் மேற்படியும் கீழ்ப்படியும்

19ஆம் நூற்றாண்டில் உதுமானிய அரசாங்கம் புதுமுறைப் பள்ளிகளை நிறுவிற்று, அலுவலகங்களைப் பெருக்கிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தோர் தொகை வளர்ந்தது. கற்றோர் எல்லாரும் எஃபெந்தி என்னும் வழக்கு இருந்தமையால் எஃபெந்திகளும் பெருகினர். நாணயம் மிகுதியாக அச்சிடப்படின் அதன் மதிப்புக் குறைதல் போல, பட்டம் மிகுதியாக வழங்கப்படின் அதன் மதிப்பும் குறையும். இளநிலைப் படையதிகாரிகள் எஃபெந்தி என்றும், அவர்க்கு மேற்பட்டோர் பே என்றும், தளபதிகள் பாஷா என்றும் அழைக்கப்பட்டனர். ஒருகாலத்தில் பெரும்புலவர்க்குரியதாயிருந்த எஃபெந்தி, இப்பொழுது பேக்குக் கீழ்ப்படியில் நின்றது.

அம்மட்டோ? நகரத்து நாகரிகர் தம்மைப் பே என்று அழைப்பதை விரும்பத் தொடங்கினர். எஃபெந்தி என்பது தலைப்பாகை அணிந்த பழைமையாளர்க்கும், பின்னர் ஏவலாளர்க்கும் வாயில் காப்போர்க்கும் உரியதாயிற்று. ஓர் அலுவலகத்தில் மேலதிகாரி ‘பே’ ஆகவும், அவர்க்குத் தேநீர் கொணர்பவர் ‘எஃபெந்தி’ ஆகவும் இருந்தனர். மதிப்பை மீட்க விரும்பியோர் இரண்டு பட்டங்களையும் இணைத்து ‘பேயெஃபெந்தி’ என்று வழங்கினர். ஒன்று போதாதபோது இரண்டை அடுக்குவது மரியாதைச் சொற்களின் இயல்பு.

இங்ஙனம் கீழே தாழ்ந்த அதே காலத்தில், இச்சொல் வேறொரு வழியில் உச்சியை அடைந்தது. உதுமானிய அரச குடும்பத்து இளவரசர்கள் எஃபெந்தி என்றே அழைக்கப்பட்டனர். இஸ்தான்புல் நகரத்தில் ஒரே நாளில், அரண்மனைக்குள் இருந்த இளவரசரும் எஃபெந்தி; அவ்வரண்மனை நிகர்த்த மாளிகையொன்றின் வாயிலில் நின்ற காவலரும் எஃபெந்தி. பட்டம் ஒன்றாயினும், அதனைக் கூறும் குரலும் கூறுவோர் வளைக்கும் முதுகும் வேறாயின.

அரச எஃபெந்திகளுள் நினைவுகூரத்தக்கவர் அப்துல் மெஜித் எஃபெந்தி. 1922ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் துருக்கியப் பெருமன்றம் சுல்தான் ஆட்சியை ஒழித்தது. அதன்பின் ஆட்சியுரிமை ஏதுமற்ற சமயத்தலைவராக, கலீபா என்னும் பதவிக்கு அப்துல் மெஜித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சிறந்த ஓவியர். இசையிலும் ஈடுபாடு உடையவர். 1924ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் கலீபா பதவியும் ஒழிக்கப்பட்டது. அவரும் அரச குடும்பத்தார் அனைவரும் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். பிரான்சு நாட்டில் வாழ்ந்த அப்துல் மெஜித் 1944ஆம் ஆண்டில் பாரிசு நகரில் காலமானார். அவர்தம் மகள் துர்ருஷெவார் 1931ஆம் ஆண்டில் ஐதராபாத்து நிசாமின் மூத்த மகனை மணந்து இந்திய நாட்டுக்கு வந்தார். நாடிழந்த அரச குடும்பத்துப் பெண்டிர் 1952ஆம் ஆண்டிலும் ஆடவர் 1974ஆம் ஆண்டிலுமே தாயகம் திரும்ப இசைவு பெற்றனர்.

பட்டங்களை ஒழித்த சட்டம்

1923ஆம் ஆண்டில் துருக்கி குடியரசாயிற்று. அதன் முதல் தலைவராகிய முஸ்தபா கமால், ‘காஜி முஸ்தபா கமால் பாஷா’ என்று பட்டங்களோடு அழைக்கப்பட்டவரே. குடியரசு தோன்றுதற்கு முன்பே, 1922ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், அவர் பெருமன்றத்தில் உரையாற்றுகையில் ஒரு வினாவை எழுப்பினார். இந்நாட்டின் உண்மையான உடைமையாளரும் எஃபெந்தியும் யார் என்பது அவ்வினா. உண்மையில் விளைவிப்பவராகிய உழவரே என்று அவரே விடையும் கூறினார். சுல்தான் சூடிய சொல்லை, ஏர் பிடிக்கும் உழவரின் தலையில் அவர் சூட்டினார். தன் கையாற் செய்து முடிப்பவன் என்னும் பழங்கிரேக்கப் பொருளை எண்ணிப் பார்ப்பின், உழவர்க்கு இச்சொல் எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும்.

1934ஆம் ஆண்டு சூன் மாதத்தில், குடிமக்கள் எல்லாரும் குடும்பப் பெயர் ஒன்றைக் கொள்ளல் வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் பிறிதொரு சட்டம் நிறைவேறியது. ஆகா, ஹாஜி, ஹாபிஸ், ஹோஜா, முல்லா, எஃபெந்தி, பே, பேயெஃபெந்தி, பாஷா, ஹனிம், ஹனிம் எஃபெந்தி முதலிய பட்டங்கள் அனைத்தையும் அச்சட்டம் நீக்கிற்று. ஆடவரும் மகளிரும் சட்டத்தின்முன்னும் அரசாங்கப் பத்திரங்களிலும் தம் பெயராலேயே குறிக்கப்படுவர் என்று அது விதித்தது. பாஷாக்கள் அன்றுமுதல் ஜெனரல் என்றும் அட்மிரல் என்றும் ஆயினர். ‘அத்தாதுர்க்’ என்னும் குடும்பப் பெயரைப் பெற்ற முஸ்தபா கமாலும் பாஷா என்னும் பட்டத்தைத் துறந்தார்.

சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஒருவன் பேயாகவும் மற்றொருவன் எஃபெந்தியாகவும் வேறொருவன் பட்டமின்றியும் நிற்கும் நாட்டில், எல்லாரும் சமம் என்று கூறுதல் எங்ஙனம்? ஏணியை எடுத்துவிடின் மேற்படியும் இல்லை. கீழ்ப்படியும் இல்லை என்பது சட்டமியற்றியோர் கருத்து.

கடல் கடந்த எஃபெந்தி

துருக்கியில் தாழ்ந்தும் ஒழிந்தும் போன இச்சொல் பிற நாடுகளில் வேறு வேறு வடிவு கொண்டது. எகிப்து நாட்டில், மேனாட்டுக் கல்வி கற்று, மேனாட்டுடையும் துருக்கித் தொப்பியும் அணிந்து, அலுவலகங்களிற் பணிபுரிந்த இளைஞர் கூட்டம் ‘எஃபெந்தியர்’ எனப்பட்டது. ஆசிரியர், வழக்கறிஞர், எழுத்தர், செய்தித்தாள் எழுதுவோர் ஆகிய இவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டு விடுதலை உணர்ச்சிக்கு உரமூட்டினர்.

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப்டவுன் நகரத்து இஸ்லாமியர்க்குச் சமயக்கல்வி புகட்ட, 1862ஆம் ஆண்டில் சுல்தான் ஓர் அறிஞரை அனுப்பினார். அவர் அபூபக்கர் எஃபெந்தி. அங்குள்ளார் பேசிய ஆஃப்ரிக்கான்ஸ் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே, அரபு எழுத்தில் ஒரு சமய நூலை அவர் இயற்றினார். அந்நூல் 1877ஆம் ஆண்டில் இஸ்தான்புல்லில் அச்சேறியது. கற்பிக்கச் சென்றவர் முதலில் மாணாக்கராகி மக்கள் மொழியைக் கற்றார். எஃபெந்தி என்னும் பட்டத்துக்கு அவர் உரியவரே.

கிழக்காப்பிரிக்காவிலோ இச்சொல் வருந்தத்தக்க பொருளைப் பெற்றது. அங்கிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் படையில், ஆப்பிரிக்க வீரர் அடையத்தக்க மிக உயர்ந்த நிலைக்கு ‘எஃபெந்தி’ என்று பெயரிட்டனர். அதற்கு மேலுள்ள பதவிகள் ஆங்கிலேயர்க்கே உரியன. தலைவன் என்னும் சொல், ‘இதற்கு மேல் நீ ஏறலாகாது’ என்று காட்டும் எல்லைக்கல் ஆயிற்று. பின்னாளில் உகாண்டா நாட்டைக் கைப்பற்றிக் கொடுங்கோலராக ஆண்ட இடி அமீன் 1959ஆம் ஆண்டில் இந்நிலையை அடைந்தவர்.

நடு ஆசியாவில் இதே சொல் நகைச்சுவையோடு கலந்தது. துருக்கியர் நஸ்ருத்தீன் ஹோஜா என்றும், நம் நாட்டார் முல்லா நஸ்ருத்தீன் என்றும் கூறும் வேடிக்கை அறிஞரை உஸ்பெக்கியரும் உய்குர் மக்களும் ‘அஃபந்தி’ என்பர். சீன நாட்டுச் சிறுவர்களும் அவர் கதைகளை ‘அஃபந்தி கதைகள்’ என்றே அறிவர். செல்வரின் பேராசையையும் அரசரின் செருக்கையும் கழுதை மேலிருந்தவாறே நகையாடும் அவ்வேழை அறிஞர்க்குத் தலைவர் என்னும் பெயர் அமைந்தது பொருத்தமே.

நிலைத்த பொருள்

மீண்டும் துருக்கிக்கு வருவோம். பட்டங்களை ஒழித்த சட்டம் அரசாங்க ஏடுகளில் வெற்றி பெற்றது. ஆனால் மக்கள் பேச்சில் அது முழுவெற்றி பெறவில்லை. அறியாத ஆடவரைப் ‘பேயெஃபெந்தி’ என்றும், அறியாத பெண்மணியை ‘ஹனிம் எஃபெந்தி’ என்றும் அழைப்பது இன்றும் நல்லொழுக்கமாகக் கருதப்படுகின்றது. முன்னாளில் சிலர்க்கே உரியதாயிருந்த பட்டம் இன்று எல்லார்க்கும் உரியதாயிற்று. எல்லார்க்கும் உரியதாயின் அது பட்டம் அன்று; பண்பு.

அரச குடும்பத்து எர்துக்ருல் உஸ்மான் 1912ஆம் ஆண்டில் இளவரசராகப் பிறந்தவர். பன்னிரண்டாம் அகவையில் தாயகம் திரும்பும் உரிமையை இழந்து, நெடுங்காலம் நியூயார்க் நகரில் எளிய வாழ்வு வாழ்ந்தார். 2004ஆம் ஆண்டில் துருக்கியக் குடியுரிமை பெற்றார். 2009ஆம் ஆண்டில் இஸ்தான்புல்லிற் காலமானார். அரியணையோ ஆணையோ இல்லாத அம்முதியவரை மக்கள் ‘உஸ்மான் எஃபெந்தி’ என்றே அழைத்தனர். அப்பட்டத்தை அவர்க்கு வழங்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர், மனமுவந்தே வழங்கினர்.

இச்சொல் இன்று பெற்றுள்ள பிறிதொரு பொருளே யாவற்றினும் சிறந்தது. துருக்கிய மொழியில் எஃபெந்தி என்பது இப்பொழுது ஒரு பண்படையாகவும் வழங்குகின்றது. அடக்கமும் நேர்மையும் இன்சொல்லும் உடைய ஒருவரை ‘எஃபெந்தி மனிதர்’ என்பர். வலியாரைக் கண்டு அஞ்சாமலும் எளியாரைக் கண்டு இகழாமலும் நடக்கும் சிறுவனை ‘எஃபெந்திப் பிள்ளை’ என்று அண்டை அயலார் புகழ்வர். இப்புகழைச் சுல்தான் வழங்க இயலாது; சட்டம் பறிக்கவும் இயலாது. வாயில் காப்பவரின் மகனும் இதனைப் பெறலாம். அமைச்சரின் மகன் இதனை இழக்கலாம்.

கொலைஞனைக் குறித்துத் தொடங்கிய சொல் அரசனைக் குறித்தது, அறிஞனைக் குறித்தது, அடிமையை வாங்கியவனைக் குறித்தது, ஏவலாளனைக் குறித்தது, இறுதியில் நல்லொழுக்கத்தைக் குறித்து நின்றது. இவ்வேறுபாடுகள் அனைத்தினூடும் அதன் முதற்கருத்து மறையவில்லை. ‘தன் கையாற் செய்பவன்’ என்பதே அது. பிறர் சூட்டும் பட்டம் பிறராற் களையப்படும். தன் செயலால் தான் தேடிக்கொள்ளும் மதிப்பு தன்னோடு நிற்கும். ஆதலின், ஒருவரை நாம் எச்சொல்லால் அழைக்கின்றோம் என்பதை நோக்க, அச்சொல்லுக்கு உரியவராக நாம் வாழ்கின்றோமா என்பதே நெஞ்சிற் கொள்ளத்தக்கது.